கப்பலில் கை நனைக்கலாமா?

கப்பலில் ஏறியதும் எனக்கு வந்த முதல் சந்தேகம், இங்கே போடுகிற சோறு யாருடைய சோறு என்பதுதான். என் வீட்டுக்காரி சரசுவிடம் கேட்டேன், சிரித்துவிட்டாள். எனக்கு அது சிரிக்கிற விஷயமாக இல்லை.

நான் நாமக்கல் பக்கம் புதுச்சத்திரத்தில் கோழித்தீவனக் கடை வைத்திருக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மூட்டை தூக்க வந்தவன். நன்றாக விற்ற டீலர்களை தீவனக் கம்பெனிக்காரர்கள் எங்காவது ஊர் சுற்றக் கூட்டிப் போவார்கள். இந்தத் தடவை சிங்கப்பூரில் கப்பல் ஏறி பினாங்கு போய்த் திரும்புவது, வீட்டுக்காரியையும் கூட்டி வரலாம் என்றார்கள். சரியென்று தலையாட்டிவிட்டு, கப்பல் முழுகினால் கடைச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்தேன். மேட்டூர் அணை நிரம்பியபோது எட்டிப் பார்த்த தண்ணீர்தான் நான் பார்த்ததிலேயே பெரிய தண்ணீர். வெசனம் எனக்குக் கூடப் பிறந்தது.

அதற்கு மேலே இன்னொரு வெசனமும் சேர்ந்துகொண்டது. எங்கள் மகள் கீர்த்தனா கோயம்புத்தூரில் ஒரு மில் ஆபீசில் வேலை பார்க்கிறாள். அவளுக்குத் திருச்செங்கோட்டிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையனுடைய அப்பா செல்லமுத்துவும் எங்கள் கம்பெனி டீலர்தான். ஜாதகம் பொருந்திவிட்டது. எல்லாருக்கும் சம்மதம். கீர்த்தனா மட்டும், "பையன்கிட்ட நேர்ல ஒருதடவை பேசிட்டுத்தான் சொல்லுவேன்" என்றாள். அவர்கள் இரண்டு பேரும் கோயம்புத்தூரில் சந்திப்பதாக வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் நடுக்கடலில் இருந்தோம்.

கிளம்புகிற அன்று கீர்த்தனா என்னைத் தனியாக நிறுத்திச் சொன்னாள்.

"அப்பா, அவிங்களும் அதே கப்பல்ல வாராங்களாமா. நான் சொல்ற வரைக்கும் அவிங்ககிட்டக் கை நனைச்சுப் போடாதீங்க. நீங்க நனைச்சுட்டா அப்புறம் நான் வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

"செரி சாமி, நனைக்க மாட்டேன்" என்றேன்.

எங்கள் பக்கம் அது ஒரு பழக்கம். வரன் பேச்சு முடிகிறவரை ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் சாப்பிட மாட்டார்கள். காபி குடிக்கலாம், பலகாரத்தில் ஓரம் கிள்ளலாம். சோற்றில் கை வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். என் பெரியப்பா மகன் ஒருவர் தன் பையனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பசி தாங்காமல் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டார். அவருடைய பையன் தலைகீழாக நின்றும் கல்யாணத்தை நிறுத்த முடியவில்லை.

இப்படி ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டு, விடிந்ததிலிருந்து படுக்கிறவரை சாப்பாடு போட்டுக்கொண்டே இருக்கிற ஒரு இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

முதல் நாள் மத்தியானம் மேல் தளத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனோம். ராசிபுரம் பக்கத்துப் பெரிய மண்டபங்களில் பஃபே பார்த்திருக்கிறேன். அங்கே பனீருக்கு முன்னால் கூட்டம் நெரியும், தோசைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார். இங்கே ஒரு கோடியில் நின்றால் மறு கோடி தெரியவில்லை. கோழியே எத்தனையோ விதத்தில் இருந்தது. வறுத்தது, அவித்தது, சுட்டது, தேன் பூசியது. கோழிக்குத் தீனி விற்றே காலத்தை ஓட்டியவன் நான், இதில் பாதியைக் கோழியென்றே கண்டுபிடிக்கவில்லை.

எங்கே வரிசை ஆரம்பிக்கிறது என்பதும் தெரியவில்லை. நான் போய் நின்ற இடம் வரிசையே இல்லையாம், ஒரு குடும்பம் குழந்தைக்கு ஐஸ்கிரீம் தேர்ந்தெடுத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அவர்கள் நகர நகர நானும் நகர்ந்து, கையில் வெறும் தட்டோடு வெளிவாசலுக்கே வந்துவிட்டேன்.

சரசு அதற்குள் சாதம், பருப்பு, தர்பூசணி, ஒரு பன் எல்லாம் எடுத்து உட்கார்ந்திருந்தாள். அந்தப் பன்னைச் சொல்ல வேண்டும். மேலே மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சு மாதிரி. வெண்ணெய் தடவி வாயில் வைத்தால் மெல்லுகிற வேலையே இல்லை. அந்தப் பயணத்தில் எனக்குக் குழப்பமில்லாமல் பிடித்த முதல் பொருள் அதுதான்.

நிம்மதியாகத் தின்றுகொண்டிருக்கும்போது கம்பெனி மேனேஜர் வந்தார். "ராத்திரி சாப்பாட்டுக்குக் கீழே பெரிய ரெஸ்டாரண்ட். டேபிள் ஒதுக்கியாச்சு. தினமும் அதே டேபிள்தான். உங்களையும் திருச்செங்கோட்டாரையும் ஒண்ணாப் போட்டிருக்கேன். சம்பந்தி ஒறம்பரை ஆகப் போறீங்கல்ல!" என்று கண்ணடித்துவிட்டுப் போனார்.

கையிலிருந்த பன்னைத் தட்டில் வைத்துவிட்டேன்.

"சரசு, இப்ப என்ன பண்றது?"

"என்ன பண்றது? சாப்புடறது."

"கை நனைச்சதா ஆயிராதா?"

"கப்பல் என்ன அவிங்க ஊடா?"

"அவிங்க ஊடும் இல்ல, நம்ம ஊடும் இல்ல. ஆனா ஒரே டேபிள்ல உக்காந்தா?"

சரசு யோசித்தாள். பிறகு, "அங்க எல்லாம் ஸ்பூனு, முள்ளுக் கரண்டிதான். கை எங்கீங்க நனையுது?" என்றாள்.

வக்கீல் சொன்ன மாதிரி இருந்தது. அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். செல்லமுத்துவின் கண்ணில் படுகிற இடத்தில் எதையும் கையால் தொடுவதில்லை.

பொழுதோடு, இருட்டுகிற நேரத்துக்குக் கீழே போனோம். வெள்ளைத் துணி விரித்த வட்ட மேசை. செல்லமுத்து ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ஆள் வாட்டசாட்டம், பேச்சு சத்தம். பக்கத்தில் அவர் வீட்டுக்காரி மல்லிகா, சத்தமில்லாத ஆள். நாங்கள் அவர்களுக்கு எதிரில் உட்கார்ந்தோம், பெண் வீட்டார் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம் என்று நிச்சயதார்த்தத்தில் உட்காருகிற மாதிரியே. 

பரிமாறுகிற பையன் பிலிப்பைன்ஸ் தேசத்தவன். சிரித்த முகம். குனிந்து, "ஸ்டார்ட்டர், சார்?" என்றான்.

நான் திகைத்துப் போனேன். ஸ்டார்ட்டர் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கோழிக்குஞ்சு பொரித்து வந்ததும் முதலில் போடுகிற தீவனம் ப்ரீ-ஸ்டார்ட்டர், அப்புறம் ஸ்டார்ட்டர், விற்பனைக்குப் பிடிக்கிற வயசில் ஃபினிஷர். நான் தீவனக் கடைக்காரன் என்று இவனுக்கு யார் சொன்னது? கம்பெனியில் கப்பல்காரர்களிடமே சொல்லி வைத்திருக்கிறார்களா?

"ஸ்டாக் இருக்குது" என்று தமிழில் சொல்லிவிட்டேன்.

செல்லமுத்து மேசையைத் தட்டிச் சிரித்தார். "ஏனுங்க, அவன் நமக்குத் தீனி போடறானுங்க! மொதல்ல சூப்பு மாதிரி கொஞ்சோண்டு குடுப்பான். அதுதான் ஸ்டார்ட்டராமா."

"அப்ப ஃபினிஷர் எப்பங்க?"

"கடைசியில இனிப்பு வரும் பாருங்க. அதைத் தின்னுட்டா நாம பிடிக்கற வெயிட்டுக்கு வந்துருவோம்."

மல்லிகாகூடச் சிரித்துவிட்டார். நல்ல மனுஷர் இவர் என்று எனக்குப் பட்டது. அப்படிப் பட்டதும் வெசனம் இன்னும் கூடியது. கீர்த்தனா சரியென்று சொல்லிவிட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும்.

அன்றைக்குக் காளான் சூப், பிறகு ஆட்டுக்கறி, பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு. வலது கையில் கத்தியா, இடது கையிலா என்று மாற்றி மாற்றிப் பிடித்ததில் கறித்துண்டு தட்டைவிட்டு வெளியே போய்விட்டது. கொஞ்சம் இளைப்பாறலாம் என்று கத்தியையும் கரண்டியையும் ஒட்டினாற்போல் தட்டில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். திரும்பினால் தட்டைக் காணோம்.

"எங்க போச்சு?"

"எடுத்துட்டுப் போய்ட்டாங்க" என்றாள் சரசு. "போதும்னு நெனைச்சிருப்பாங்க."

இரண்டு கரண்டியையும் சேர்த்து வைத்தால் சாப்பிட்டு முடித்தாயிற்று என்று அர்த்தமாம். செல்லமுத்து சொல்லித்தான் தெரிந்தது. அங்கே கரண்டிக்கும் ஒரு பாஷை இருக்கிறது. நான் அரை வயிற்றோடு அறைக்கு வந்தேன்.

மறுநாள் காலை, சீக்கிரமே மேல் தளத்துக்குப் போனேன். செல்லமுத்து எழுந்து வருவதற்குள் கையால் வயிறாரத் தின்றுவிடலாம் என்பது என் திட்டம். முட்டைக்கென்றே ஒரு தனி மேடை இருந்தது. நாமக்கல்காரன் முட்டையைக் கண்டால் நிற்காமல் போக முடியுமா? எல்லாம் பழுப்பு ஓடு. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். சமையல்காரருக்கு அது பிடிக்கவில்லை, வாங்கி வைத்துக்கொண்டார்.

"ஆஃபாயில்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. அவர் என்னென்னவோ பெயர் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் "எஸ்" என்றேன். ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. ஒரு பக்கம் வெந்தது, திருப்பிப் போட்டது, தண்ணீரில் உடைத்து ஊற்றியது, கிளறியது. மஞ்சள் கரு நல்ல ஆரஞ்சு நிறம். தீவனத்தில் மக்காச்சோளம் சரியாகப் போட்டிருக்கிறார்கள். அதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

நான்கு தட்டு முட்டையோடு உட்கார்ந்து, இட்லியும் கொண்டுவந்து சாம்பாரை ஊற்றினேன். சாம்பாரில் யாரோ சர்க்கரையைக் கொட்டியிருந்தார்கள். இருந்தாலும் இட்லி இட்லிதானே. கையை வைக்கப் போகும் நேரத்தில், "ஏனுங்க, நேரத்துலயே எந்திருச்சுட்டீங்களாட்ட!" என்று செல்லமுத்துவின் சத்தம்.

கையை இழுத்துக்கொண்டேன். முள்ளுக் கரண்டியை எடுத்து இட்லியைக் குத்தினேன். அது பாதியில் உடைந்து சாம்பாரில் விழுந்து சட்டையில் தெறித்தது.

"இட்லிக்கு எதுக்குங்க முள்ளு?" என்றார் அவர். அவர் பாட்டுக்குக் கையால் பிசைந்து தின்று, விரலை நக்கினார்.

"பழகிக்கலாம்னுங்க" என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். 

அன்று ஞாயிற்றுக்கிழமை. கோயம்புத்தூரில் கீர்த்தனா அந்தப் பையனைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம். என் போனில் சிக்னல் கிடையாது. கப்பலில் நெட் தனியாக வாங்க வேண்டும் என்றார்கள். அதை வாங்க ஒரு ஆப் வேண்டும். அந்த ஆப்பை இறக்க நெட் வேண்டும். இதை எனக்கு விளக்கிய பெண் மூன்று தடவை பொறுமையாகச் சொன்னாள். மூன்று தடவையும் எனக்கு ஒரே இடத்தில் வண்டி நின்றுவிட்டது.

வேறு வழியில்லாமல் நாள் முழுக்கத் தின்றேன். கவலை வந்தால் எனக்குப் பசிக்கும். மாம்பழம் போட்ட ஒரு கெட்டிப் பால் இனிப்பு, கரண்டி வைத்தால் ஆடும். அதில் மூன்று கிண்ணம். சேலத்து மாம்பழ வாசம் இல்லை, ஆனால் வழுக்கிக்கொண்டு போனது. சாயங்காலம் டீயோடு சின்னச் சின்ன ரொட்டித் துண்டுகள், நடுவே வெள்ளரிக்காய். ஒரு வெள்ளைக்காரப் பாட்டி தன் கூட்டாளியிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். சரசு பக்கத்திலிருந்த தமிழ்ப் பெண்ணிடம் கேட்டுச் சொன்னாள்: "இவருக்கு வெள்ளரிக்காய் எவ்வளவு பிடிக்கிறது பாருங்கள், பாவம்."

மூன்றாம் நாள் காலை பினாங்கு. கரையில் கால் வைத்ததும் போன் துடித்தது. நாங்கள் புறப்படும்போதே கீர்த்தனா என் போனுக்கு வெளிநாட்டு பேக் போட்டு விட்டிருந்தாள். குரல் பதிவு ஒன்று வந்திருந்தது. ஓரமாக ஒதுங்கி, நானும் சரசுவும் காதை ஒட்டி வைத்துக் கேட்டோம்.

"அப்பா, பேசினோம். நல்ல பையன்தாம்ப்பா, கொறை ஒண்ணுமில்ல. ஆனா கல்யாணத்துக்கப்புறம் வேலைய உட்டுட்டுத் திருச்செங்கோட்டுல கடையைப் பாத்துக்கோணுமாமா. எனக்கு முடியாதுப்பா. அவருகிட்டயே சொல்லிட்டேன். நீங்க அவங்கப்பாகிட்டப் பதமாச் சொல்லீருங்க. என்னைத் திட்டாதீங்கப்பா."

மறுபடி கேட்டேன். மாறவில்லை.

பத்தடி தள்ளி செல்லமுத்து தொப்பி ஒன்றைத் தலையில் வைத்து மல்லிகாவிடம் நன்றாயிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் போனில் பேக் போடவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது.

"ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்றார்.

"சௌக்கியமுங்க" என்றேன்.

"சொல்லீருங்க" என்று சரசு கிசுகிசுத்தாள்.

"அப்புறம் சொல்லலாம்."

காலை முழுக்க அப்புறம் அப்புறம் என்றே போனது. சுவரில் வரைந்த படங்களைப் பார்த்தோம், கோயில் பார்த்தோம், வெயிலில் சுற்றினோம். எனக்கு எதுவும் ஞாபகமில்லை. மத்தியானம் செல்லமுத்து ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடித்துவிட்டார். வாசலிலேயே மீன்குழம்பு வாசம்.

"வாங்க வாங்க. இன்னைக்குச் சாப்பாடு எம்படது, காசு நாந்தான் குடுப்பேன். கப்பல் சோறு கம்பெனிச் சோறுங்க. இது நம்ம சோறு."

நம்ம சோறு!  வாழையிலை விரித்தார்கள். தண்ணீர் தெளித்தார்கள். கரண்டி எதுவும் இல்லை. உட்கார்ந்திருக்கிறேன், தலைக்குள்ளே ஒரே இரைச்சல். தின்றால், கீர்த்தனா வேண்டாமென்று சொன்ன பிறகு நான் வேண்டுமென்று சொன்ன மாதிரி. தின்னாவிட்டால், பந்தியில் உட்கார்ந்துவிட்டு இலையை அவமதித்த மாதிரி. ஒன்றும் சொல்லாமல் தின்றால், இந்த மனுஷனை ஏமாற்றின மாதிரி. எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து.

பரிமாறுகிறவர் சோற்றுக் கூடையோடு வந்தார். நான் இலைக்கு மேலே இரண்டு கையையும் குறுக்கே வைத்துக்கொண்டேன்.

"என்ன அண்ணே, சோறு வேணாமா?" என்றார் அவர்.

"பொறுங்க" என்றேன். செல்லமுத்துவைப் பார்த்தேன். "ஏனுங்க, சாப்புடறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லோணும். கீர்த்தனா வேண்டாம்னு சொல்லிப் போட்டாளுங்க."

பதமாகச் சொல்லச் சொன்னாள் மகள். நான் போட்டு உடைத்துவிட்டேன்.

செல்லமுத்துவின் கை இலையிலேயே நின்றது.  

"பையன் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டானுங்களா?" என்றார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"அய்யோ, இல்லீங்க. நல்ல பையன்னுதான் சொன்னா. வேலைய உட முடியாதுங்கறா. கடையைப் பாத்துக்கறதுக்கு…"

மல்லிகா புருஷன் பக்கம் திரும்பினார். "நான் அப்பவே சொன்னனா இல்லையா? கடையைப் பாக்கோணும்னு பையங்கிட்டச் சொல்லி அனுப்பாதீங்கன்னு! கேட்டீங்களா?"

 அவர் புதுத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். 

"எனக்குத் தெரியுமுங்க," என்றார் கடைசியில். "இட்லியை முள்ளுல குத்துனீங்க பாருங்க, அப்பவே நெனைச்சேன். இவிய கை நனைக்க யோசிக்கறாங்கன்னு."

"அது… அவ சொல்ற வரைக்கும்னுங்க…"

"செரி. கையை எடுங்க. சோறு போடட்டும்."

"இல்லீங்க…"

"இனி நனைச்சா ஒண்ணும் ஆகாதுங்க. பயப்படாம சாப்புடுங்க."

அதை அவர் குத்தலாகச் சொன்னாரா, பெரிய மனசோடு சொன்னாரா? முகத்தைப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. கையை எடுத்தேன். சோறு விழுந்தது, மேலே மீன்குழம்பு. பிசைந்து ஒரு வாய் வைத்தேன். புளியும் காரமும் உச்சந்தலைக்கு ஏறியது. அப்படி ஒரு நேரத்திலும் அது அவ்வளவு ருசித்ததில் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தலையைக் குனிந்துகொண்டு தின்றேன். மறுசோறும் வாங்கினேன். செல்லமுத்து பிசைந்து வைத்ததைப் பாதிகூடத் தின்னவில்லை.

திரும்புகிற வழியில் வேன் ஓட்டுநரிடம் "ஷிப்" என்றேன், "க்ரூஸ்" என்றார் செல்லமுத்து. ஓட்டுநர் தலையாட்டிக் கொண்டுபோய் இறக்கிய இடத்தில் நல்ல கூட்டம். செல்லமுத்து பேசாமல் போய் வரிசையில் நின்றுவிட்டார், நாங்களும் பின்னாலேயே. முன்னால் நின்ற சீனக் கிழவி கையில் காய்கறிப் பை வைத்திருந்தார். எனக்கு உறைத்தது. கத்தரிக்காயோடு யாராவது சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறுவார்களா? அது அக்கரைக்குப் போகிற படகுத்துறை.

ஓடிப்போய் வேனை மறித்தோம். எனக்கு இங்கிலீஷ் மொத்தமும் மறந்துவிட்டது. சரசுதான் அழுகிற குரலில், "அய்யோ, எங்க கப்பல் போயிருமே!" என்று கத்தினாள்.

"கப்பால்?" என்றார் ஓட்டுநர், முகம் மலர்ந்து. முதலிலேயே சொல்லக் கூடாதா என்பது போல் நெற்றியில் தட்டிக்கொண்டார். அவர்கள் மலாய் பாஷையிலும் கப்பலுக்கு அதே பேர்தானாம். இது தெரியாமல் நாங்கள் வாயில் நுழையாத இங்கிலீஷைப் பேசியிருக்கிறோம். நேராகக் கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் மல்லிகா சரசுவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கப்பல் போய்விடும் என்ற பயத்திலா, வேறு எதற்காகவா, சரசுவுக்கும் தெரியவில்லையாம்.

அன்றைக்குப் பொழுதோடு சாப்பிடப் போகவே எனக்கு மனசில்லை. "மேல போயி பன்னைத் தின்னுட்டுப் படுத்துக்கலாம்" என்றேன்.

"அவிங்க வந்து ரெண்டு காலி நாற்காலியப் பாத்தா என்ன நெனைப்பாங்க?" என்றாள் சரசு.

போனோம். காலியாக இருந்தது அவர்கள் நாற்காலிதான். பரிமாறுகிற பையன் வந்து, மற்ற இருவரும் வருவார்களா என்று கேட்டான். தெரியாது என்று கையை விரித்தேன். பக்கத்து மேசைகளில் மற்ற டீலர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் தூரத்திலிருந்து காலி நாற்காலியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குப் படிக்கத் தெரியாத மெனு அட்டையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அட்டையில் எதையோ விரலால் தொட்டேன். வந்தது மீன். தோலோடு பொன்னிறமாகச் சுட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, மேலே ஏதோ பச்சை இலை. ஒரு விள்ளல் வைத்துப் பார்த்தேன். முள் கிடையாது, வெண்ணெய் மாதிரி கரைந்தது. அந்தக் கப்பலில் நான் தின்றதிலேயே அதுதான் முதல் இடம். அதை நிதானமாகத் தின்ன முடியவில்லையே என்றிருந்தது.

"இந்தக் கப்பல்ல எந்த மாடியில எறங்கறதுன்னு ஒரு எழவும் தெரியறதில்லைங்க!" என்ற சத்தம் முதலில் வந்தது, ஆள் அப்புறம் வந்தார். "சினிமாக் கொட்டாய்க்குள்ள போய் உக்காந்துட்டோம். இவதான், சோத்துக் கடையில எதுக்குத் திரை கட்டியிருக்குதுன்னு கேட்டா."

மல்லிகா வந்து, எதிரில் உட்காராமல் சரசுவுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதனால் செல்லமுத்து எனக்குப் பக்கத்தில் வந்தார். நாற்காலி முனகியது.  மன்னிப்புக் கேட்பதா? கேட்டால் எதற்கு என்று சொல்வது? என் மகள் தன் வேலையைப் பிடித்திருக்கிறது என்றதற்கா?

"ஏனுங்க…" என்று ஆரம்பித்தேன்.

அவர் அதைக் கேட்காத மாதிரி என் தட்டைப் பார்த்தார். "என்னுங்க அது, மீனா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் கையை நீட்டி, என் தட்டிலிருந்த மீனில் ஒரு பெரிய துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

மென்றார். கண்ணை மூடிக்கொண்டார். "அடேங்கப்பா" என்றார். அப்புறம் பையனைக் கூப்பிட்டு, என் தட்டைக் காட்டி, இரண்டு விரலைத் தூக்கினார்.

அறைக்குத் திரும்பும்போது சரசுவிடம் கேட்டேன். "கோவத்துல எடுத்தாரா, உரிமையில எடுத்தாரா?"

"கோவமா இருந்தா உங்க தட்டை எதுக்குத் தொடறாரு?"

"உரிமைன்னா கேட்டுட்டு எடுத்திருக்கலாமே?"

"கேட்டு எடுத்தா அதுக்குப் பேரு உரிமையா?" என்று சொல்லிவிட்டு அவள் நடந்துகொண்டே இருந்தாள். எனக்கு அது விளங்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும் போலிருக்கிறது.

சிங்கப்பூரில் இறங்கினதும் கீர்த்தனாவே கூப்பிட்டாள். எடுத்தவுடன் அழுகிற மாதிரி இருந்தது குரல்.

"அப்பா, சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் சாமி."

"திட்டினாங்களா? என்னப்பா சொன்னாரு?"

யோசித்துப் பார்த்தேன். பக்கத்தில் செல்லமுத்து எங்கள் பெட்டியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, எந்த வாசல் என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றார்.

"மீன் நல்லா இருக்குதுன்னாரு சாமி" என்றேன்.